ஹிரோஷிமாவில் ஒரு ஸ்வீடன் கார்: ஜப்பானியப் படங்களின் நாயகர்கள் ஏன் ஜப்பானிய கார் ஓட்டுவதில்லை?

நெடுஞ்சாலை (இழையைத் தொடங்கியவர்)

ஹமாகுச்சி ரியூசுகே 2021இல் எடுத்த ‘டிரைவ் மை கார்’ படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தபோது எழுந்த ஐயத்தை இங்கே வைக்கிறேன். படத்தின் பெரும்பகுதி ஹிரோஷிமாவில் நடக்கிறது. அது மாஸ்டா பிறந்த ஊர். 1920இல் தக்கை செய்யும் ஆலையாகத் தொடங்கி, 1931இல் மூன்று சக்கர வண்டி கட்டி, பிறகு கார் நிறுவனமாக வளர்ந்த அந்தத் தொழிற்சாலை இன்றும் நகரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் நாயகன் கஃபுகு ஓட்டி வருவது சிவப்பு நிறச் சாப் 900 டர்போ. அது ஸ்வீடன் நாட்டுக் கார். அதிலும் இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ளது.

இது ஒரு படத்தோடு நின்றிருந்தால் இயக்குநரின் விருப்பம் என்று விட்டிருப்பேன். மியாசாகி ஹயாவோவின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில் சிஹிரோவின் தந்தை, ‘இது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி’ என்று பெருமை பேசிக்கொண்டு காட்டுப் பாதைக்குள் செலுத்துவது ஆவ்டி. அதிலும் ஸ்டியரிங் இடப்பக்கம்தான். அவருடைய முதல் முழுநீளப் படமான ‘காலியோஸ்ட்ரோ கோட்டை’யில் லூபன் ஓட்டுவது ஃபியட் 500, கிளாரிஸ் தப்பி ஓடுவது சிட்ரோயன் 2சிவி. ஷின்காய் மகோட்டோவின் ‘சுசுமே’ படத்தில் கூரை ஒழுங்காக மூடாத ஆல்ஃபா ரோமியோவில்தான் நெடும்பயணம். உலகத்துக்கே கார் செய்து அனுப்பும் நாடு, தன் திரைப்பட நாயகர்களை மட்டும் அயல்நாட்டுக் காரில் ஏற்றி அனுப்புவது ஏன்? தன் பொருளின் மீதே ஒரு தாழ்வு எண்ணம் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

நாகோயாவாசி

நெடுஞ்சாலை அவர்களே, பதினோரு ஆண்டுகளாக இங்கே வேலை செய்பவன் என்ற முறையில் ‘தாழ்வு எண்ணம்’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. நீங்கள் காட்டிய நான்கு படங்களுக்கும் நான்கு வேறு காரணங்கள் உண்டு.

முதலில் சாப். முரகாமி ஹருகியின் மூலக்கதையிலேயே அது சாப் 900தான். ஆனால் மஞ்சள் நிறம், கூரை திறக்கும் வகை. ஹமாகுச்சி நிறத்தையும் கூரையையும் மாற்றினார். மரம் செறிந்த மலைச்சாலையில் மஞ்சள் கரைந்துவிடும், சிவப்புத் தனித்து நிற்கும். மேலும், படம் முழுவதும் காருக்குள் நடக்கும் உரையாடல். கூரை திறந்திருந்தால் காற்று இரைச்சலில் ஒலிப்பதிவு வீணாகும். இவை இரண்டும் படப்பிடிப்பின் தேவையிலிருந்து பிறந்த முடிவுகள்.

ஊரின் கதையும் இதே போன்றதுதான். ஹிரோஷிமா முதல் தேர்வே அல்ல. டோக்கியோவின் சாலைகளில் ஓடும் காரைத் தாராளமாகப் படம்பிடிக்க இசைவு கிடைப்பது மிகக் கடினம் என்பதால், தென்கொரியாவின் பூசான் நகரைத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். பெருந்தொற்று வந்து அந்த வழியை அடைத்த பிறகே ஹிரோஷிமா வந்தது. ஆகவே மாஸ்டாவின் ஊரில் மாஸ்டாவை ஒதுக்கினார்கள் என்று யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலாகிவிட்டது. செய்தவனே இல்லாத கார் அது. அதைத் திரையில் மூன்று மணி நேரம் காட்டினாலும் விளம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. மனைவியை இழந்த பிறகும் அவள் குரல் பதிந்த ஒலிநாடாவைக் கேட்டுக்கொண்டு ஓட்டும் ஒருவனுக்கு, பெற்றோர் இறந்துபோன அந்தக் கார் பொருந்துகிறது. விற்பனையில் இருக்கும் புதிய மாஸ்டாவை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். பார்வையாளர் அரைமணி நேரத்தில் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

மியாசாகி விஷயம் இன்னும் எளிது. அவர் சொந்தமாக ஓட்டியது 2சிவி. லூபனின் ஃபியட், அவரோடு பணிபுரிந்த மூத்த அசைவோவியர் ஓட்சுகா யசுவோவின் சொந்தக் கார். 1971இல் வந்த முதல் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் லூபன் ஓட்டியது பகட்டான மெர்சிடிஸ் எஸ்எஸ்கே. பாதியில்தான் சின்ன ஃபியட்டுக்கு மாறினான். ஓவியர்கள் தினமும் கதவு திறந்து மூடிய வண்டியை வரைந்தார்கள். அதனால்தான் அந்தத் துரத்தல் காட்சியில் ஃபியட் உயிருள்ள பிராணிபோல் குலுங்குகிறது.

கோவைப் பட்டறை

நெடுஞ்சாலை தம்பி அயல்நாட்டுக் கார்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பட்டியல் போட்டிருக்கிறார். ‘இனிஷியல் டி’யை எப்படி மறந்தார்?

ஷிகெனோ ஷுயிச்சி 1995இல் தொடங்கிய அந்த வரைகதையும், அதிலிருந்து வந்த அசைவோவியத் தொடர்களும் படங்களும் சுற்றுவது டொயோட்டா ஸ்பிரிண்டர் ட்ரூவனோ என்ற ஒரே காரை. அதன் உட்குறியீடு ஏஇ86. ஜப்பானியர்கள் செல்லமாக ‘ஹாச்சி-ரோக்கு’, அதாவது ‘எட்டு-ஆறு’ என்பார்கள். குன்மா மாகாணத்து மலையடிவாரத்தில் தோஃபு கடை வைத்திருக்கும் ஒருவரின் மகன், விடியற்காலையில் மலைமேல் உள்ள தங்கும் விடுதிக்குத் தோஃபு கொண்டுபோகிறான். தந்தை ஒரு குவளை நிறையத் தண்ணீர் ஊற்றிக் காரில் வைக்கிறார். அது சிந்தாமல் வளைவுகளைக் கடந்தால்தான் தோஃபு உடையாமல் போய்ச்சேரும். பையனின் ஓட்டும் திறமை முழுவதும் அந்தக் குவளையிலிருந்து வந்தது.

இயந்திரம் தெரிந்தவர்களுக்கு இதில் தனிச் சுவை உண்டு. 1983இல் அந்தக் கார் வந்தபோது, அதே தலைமுறைக் கொரோலா முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டது. கூப்பே வகைக்கு மட்டும் முந்தைய தலைமுறையின் பின்சக்கர இழுவை அமைப்பையே வைத்துக்கொண்டார்கள். பழைய அடித்தளத்தில் 1.6 லிட்டர், பதினாறு வால்வு கொண்ட நல்ல எஞ்சினை வைத்தார்கள். எடை குறைவு, பின்சக்கரம் வழுக்கும், பழைய காராக மலிவு விலையில் கிடைக்கும். இளைஞர்கள் கைக்குப் போக இதைவிட என்ன வேண்டும்? விலையுயர்ந்த புதிய கார்களை அந்தத் தோஃபு வண்டி மலை இறக்கத்தில் முந்துவதுதான் கதையின் இன்பம்.

டொயோட்டா 2012இல் புதிய விளையாட்டுக் கார் ஒன்றைக் கொண்டுவந்தபோது அதற்கு ‘86’ என்றே பெயர் வைத்தது. சுபாருவோடு சேர்ந்து உருவாக்கிய அந்தக் கார் எங்கே தயாரானது தெரியுமா? சுபாருவின் ஓட்டா ஆலையில், கதை நடக்கும் அதே குன்மா மாகாணத்தில். இதை அறிந்த நாளில் பட்டறையில் இருந்த எல்லோருக்கும் நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

நெடுஞ்சாலை

பட்டறை ஐயா, மறக்கவில்லை, தயங்கினேன். ஏனென்றால் ‘இனிஷியல் டி’யை மனிதர்கள் நடிக்கும் படமாக 2005இல் எடுத்தது ஹாங்காங். இயக்குநர்கள் ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும், நாயகன் தைவானின் ஜே சௌ. மலைச்சாலைகளை மட்டும் குன்மாவிலேயே படம்பிடித்தார்கள். அடுத்த ஆண்டு டோக்கியோவின் வழுக்கோட்டத்தை, அதாவது வளைவுகளில் காரை வழுக்கவிட்டு ஓட்டும் ‘டிரிஃப்ட்’டைப் பற்றிப் படமெடுத்தது ஹாலிவுட். இன்னும் பின்னால் போனால், டொயோட்டா 2000ஜிடியை உலகமே அறியச் செய்தது 1967இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம். ஷான் கானரியின் உயரம் அந்தத் தாழ்ந்த கூரைக்குள் அடங்காது என்று, படத்துக்காகவே கூரை இல்லாத வண்டிகளை அந்நிறுவனம் செய்துகொடுத்தது. வெளியார் வந்து கொண்டாடுகிறார்கள், உள்ளூர்த் திரையுலகம் கண்டுகொள்வதில்லை என்ற என் ஐயத்துக்கு இவையெல்லாம் வலுவே சேர்க்கின்றன.

ஒரகடம் இரண்டாம் ஷிப்ட்

பணிநேரத்தில் எழுத முடியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளூர்த் திரையுலகம் கண்டுகொள்ளவில்லை என்பது தவறு. இஷிஹாரா யூஜிரோ நடித்து 1969இல் வந்த ‘மகிமைக்கு 5000 கிலோமீட்டர்’ என்ற படம், கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் நிஸ்ஸான் புளூபேர்ட் 510 ஓட்டும் ஒருவனின் கதை. ஆப்பிரிக்காவுக்கே போய் எடுத்தார்கள். நிஸ்ஸான் முழுமையாக ஒத்துழைத்தது. படம் வந்த மறு ஆண்டே, 1970இல், நிஜ சஃபாரி ராலியில் அந்தப் புளூபேர்ட் ஒட்டுமொத்த வெற்றி பெற்றது. திரைக்கதை எழுதியவர்கள்கூட அவ்வளவு பொருத்தமாக எழுதத் துணிந்திருக்க மாட்டார்கள்.

அதே யூஜிரோவின் நிறுவனம் 1979 முதல் 1984 வரை ‘செய்பு கெய்சாட்சு’ என்ற காவல்துறைத் தொடரை எடுத்தது. தொலைக்காட்சிதான், திரைப்படமல்ல; ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிஸ்ஸானின் ஸ்கைலைன், ஃபேர்லேடி எல்லாம் அதில் காவலர்களின் தனி வாகனங்களாக மாற்றப்பட்டு வரும். ஆயிரக்கணக்கான கார்கள் அதில் நொறுக்கப்பட்டன. ஒரு போல்ட் சரியாக இறுகவில்லை என்றால் தயாரிப்பு வரிசையையே நிறுத்தும் என்னைப் போன்றவனுக்கு அதைப் பார்க்க வயிறு எரியும்.

நாகோயாவாசி

ஒரகடம் நண்பர் சொன்னதிலிருந்தே விடை கிடைக்கிறது. 1969இல் அது சாத்தியமானது, ஏனென்றால் நடிகரின் சொந்த நிறுவனமும் ஒரு கார் நிறுவனமும் நேருக்கு நேர் கைகுலுக்கிக்கொண்டன. இன்று பெரும்பாலான ஜப்பானியப் படங்களைத் ‘தயாரிப்புக் குழு’ என்ற அமைப்பு எடுக்கிறது. தொலைக்காட்சி நிறுவனம், விளம்பர முகவர், பதிப்பகம், விநியோகஸ்தர் என்று பலர் பங்கு போட்டுப் பணம் இடுவார்கள். அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு ஆண்டு முழுவதும் விளம்பரம் தருபவர்களில் கார் நிறுவனங்கள் முன்வரிசையில் நிற்பவை. ஒரு நிறுவனத்தின் காரை நாயகன் ஓட்டினால் மற்ற நிறுவனம் முகம் சுளிக்கும். வில்லன் ஓட்டினால் அந்த நிறுவனமே சுளிக்கும். கார் விபத்துக்குள்ளானால் எல்லோருமே சுளிப்பார்கள். விளம்பரதாரரின் கார் மோதுவதுபோல் காட்சி வைக்கக் கூடாது என்பது இங்கே எழுதாத விதி. இந்தச் சூழலில் இத்தாலியப் பழைய காரும் ஸ்வீடன் நாட்டுத் திவாலான காரும்தான் யாரையும் புண்படுத்தாத கார்கள்.

திரைச்சீலை

ஆண்கள் நால்வரும் ‘நாயகன் எந்தக் காரை ஓட்டுகிறான்’ என்ற கேள்விக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நாயகனின் கையை விட்டுவிட்டு, பிழைப்பு நடக்கும் இடத்தில் என்ன வண்டி நிற்கிறது என்று பாருங்கள். ஜப்பானிய வண்டி அங்கேதான் இருக்கிறது. ‘என் அண்டைவீட்டு டோட்டோரோ’ தொடங்குவதே வீட்டுச் சாமான் ஏற்றிய மூன்று சக்கர லாரியில்தான். பட்டறை ஐயா சொன்னதும் தோஃபு கொண்டுபோகும் வண்டிதானே?

இந்தப் பேச்சுக்கு மிகப் பொருத்தமான படம் யமாசாகி தகாஷியின் ‘ஆல்வேஸ்: மூன்றாம் தெருவின் அந்திச்சூரியன்’ (2005) என்பது என் கருத்து. கதைக்களம் 1958ஆம் ஆண்டு டோக்கியோ. பின்னணியில் டோக்கியோ கோபுரம் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருக்கிறது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டமாக ரயிலேற்றி நகர வேலைக்கு அனுப்பும் வழக்கம் அப்போது இருந்தது. அப்படி ஆவொமோரியிலிருந்து வரும் முட்சுகோ என்ற பெண்ணுக்கு, ‘சுசுகி ஆட்டோ’ என்ற நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பெரிய கார் ஆலை என்று நம்பி வருகிறாள். வந்து பார்த்தால், சுசுகி என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு முரட்டு மனிதர் வீட்டு முன்பக்கத்தில் நடத்தும் சின்னப் பட்டறை. அவளை அழைத்துப்போக வருவது டைஹாட்சு மிட்ஜெட் என்ற மூன்று சக்கர வண்டி. நமக்கு ‘ஆட்டோ’ என்றதும் எந்த வண்டி நினைவுக்கு வருமோ ஏறக்குறைய அதுவே வந்து நிற்பதால், தமிழில் இந்தக் காட்சியைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பெண் ஏமாறவே இல்லை என்று நான் திரைப்படச் சங்கத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1957இல் வந்த மிட்ஜெட்டைத் தாய்லாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கத்திய ‘துக்துக்’ அதன் வழிவந்தது.

அடுத்து வரும் காட்சியைத்தான் நீங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். முட்சுகோ தன் விண்ணப்பத்தில் தனக்குத் தெரிந்த வேலை ‘மிதிவண்டி பழுதுபார்த்தல்’ என்று எழுதியிருக்கிறாள். சுசுகி அதை ‘மோட்டார் வாகனம் பழுதுபார்த்தல்’ என்று படித்துவிட்டார். மிதிவண்டிக்கு ‘ஜிதென்ஷா’, காருக்கு ‘ஜிதோஷா’. ஜப்பானிய எழுத்தில் எழுதினால், மூன்று எழுத்தில் நடு எழுத்து ஒன்றுதான் வேறுபடும். கார் வேலை தெரியும் என்று பொய் சொல்லி வந்துவிட்டாள் என்று கொதித்து, கதவுகளைப் பெயர்த்துக்கொண்டு பாய்கிறார். பிறகு தாளை மீண்டும் பார்த்துத் தன் கண்ணே பிழை செய்தது என்று தெரிந்ததும் அவர் கூனிக் குறுகி நிற்கும் நிலை இருக்கிறதே! கார் நிறுவனங்களின் பெருமைக் கதையைத் தலைமை அலுவலகத்தில் வைத்துச் சொல்லாமல், ஒரு பட்டறையில் ஒரு எழுத்துப் பிழையில் வைத்துச் சொன்னதால்தான் மக்கள் அதைத் தம் கதையாக எடுத்துக்கொண்டார்கள்.

கோவைப் பட்டறை

அம்மா, நீங்கள் பட்டறை என்று சொன்னதும் எனக்கு வேறொரு படம் நினைவுக்கு வந்துவிட்டது. கார் நிறுவனத்தைப் பற்றி ஜப்பானில் எடுக்கப்பட்ட மிகக் கடுமையான படம் அதுதான் என்பேன்: மோட்டோகி கட்சுஹிதே இயக்கி 2018இல் வந்த ‘பறக்கும் டயர்’.

சின்னச் சரக்கு லாரி நிறுவனம் நடத்தும் அகாமட்சு என்பவரின் வண்டியிலிருந்து ஓடும்போது சக்கரம் கழன்று பறந்து, நடைபாதையில் சென்ற ஒரு தாயின் உயிரைப் பறிக்கிறது. லாரியைச் செய்த ‘ஹோப் மோட்டார்ஸ்’ சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் ஒரே வார்த்தை: ‘பராமரிப்புக் குறைபாடு’. காவல்துறை அவர் மீது பாய்கிறது, வாடிக்கையாளர்கள் விலகுகிறார்கள், வங்கி கைவிரிக்கிறது. அகாமட்சுவும் முதலில் தன் இளம் மெக்கானிக்கைத்தான் சந்தேகப்படுகிறார். முடிக்குச் சாயம் பூசிய, பேச்சில் மரியாதை தெரியாத பையன். அவனை வேலையை விட்டே அனுப்பிவிடுகிறார். பிறகு அவன் எழுதி வைத்த பராமரிப்பு ஏட்டைப் புரட்டினால், சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாக ஒவ்வொரு பாகத்தையும் சோதித்துக் குறித்து வைத்திருக்கிறான். அந்த ஏடுதான் கதையின் திருப்பம். எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகம் ஒரு பெரிய நிறுவனத்தின் அறிக்கையை எதிர்த்து நிற்பதை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். சக்கரம் கழன்றது என்றால் எல்லோரும் வீல் நட் இறுக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். நட் கழன்றால் போல்டின் மரையில் தேய்மானம் தெரியும், துளைகள் நீள்வட்டமாகும். இது அப்படி அல்ல. சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் தாங்கி நிற்கும் ஹப் என்ற வார்ப்பு பாகமே வட்டமாக வெடித்து, சக்கரத்தோடு மொத்தமாகக் கழன்று போயிருக்கிறது. நட்டுகள் எல்லாம் இறுக்கமாகவே இருக்கும்! உடைந்த முகத்தைக் கையில் வைத்துப் பார்த்தால், பழைய விரிசல் ஓடிய பகுதி துருவேறி மங்கலாகவும், கடைசியில் முறிந்த பகுதி பளிச்சென்று மணல்மணலாகவும் தெரியும். ஆகவேதான் அகாமட்சு ‘அந்தப் பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று மன்றாடுகிறார், நிறுவனம் எதைக் கொடுத்தாலும் கொடுக்கும், அதை மட்டும் கொடுக்காது.

எனக்கே ஒரு முறை நேர்ந்தது. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்த ஒரு சரக்கு வண்டியில் ஒரு பாகம் முறிந்து வந்தது, பெயர் வேண்டாம். ‘அங்கீகாரம் இல்லாத பட்டறையில் கிரீஸ் வைத்ததால் உத்தரவாதம் செல்லாது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். முறிந்த துண்டைக் கேட்டேன். சோதனைக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். இன்றுவரை வரவில்லை. ஆகவே அந்தப் படத்தை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, பாதிக்கு மேல் நின்றுகொண்டே பார்த்தேன்.

நாகோயாவாசி

ஐயா சொன்ன படத்தின் வேர் உண்மைச் சம்பவம். 2002 ஜனவரியில் யோகோஹாமாவில், மிட்சுபிஷியின் பெரிய வாகனம் ஒன்றிலிருந்து சக்கரம் கழன்று, நடந்து சென்ற ஒரு தாய் இறந்தார். உடன் இருந்த இரண்டு குழந்தைகள் காயமடைந்தார்கள். நிறுவனம் முதலில் பராமரிப்பைத்தான் குறை சொன்னது. 2004இல்தான் ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை ஒப்புக்கொண்டு வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பொறுப்பில் இருந்தவர்களுக்கு எதிரான தண்டனை 2012இல் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது. இதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், வாடிக்கையாளர்களின் புகார்களை அரசுக்குத் தெரிவிக்காமல் பல ஆண்டுகளாக மறைத்து வைத்ததும், ஊழியர்களின் உடைமாற்றும் அறை வரை அந்தத் தாள்கள் பதுங்கியிருந்ததும் அம்பலமாகியிருந்தன.

இகெய்டோ ஜுன் எழுதிய நாவல் 2006இல் வந்தது. விற்பனையில் குறையில்லை. ஆனால் அதை முதலில் நாடகமாக்கியது விளம்பரத்தால் பிழைக்கும் தொலைக்காட்சி அல்ல. சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு கட்டணத் தொலைக்காட்சி, 2009இல். திரையரங்குக்கு வர மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. நான் மேலே சொன்ன எழுதாத விதியின் நீளத்தை அளக்க வேண்டுமென்றால் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை வைத்து அளக்கலாம்.

ஒரகடம் இரண்டாம் ஷிப்ட்

கார் ஆலையில் வேலை செய்பவன் என்பதால் ஒரு வேண்டுகோள். அந்தப் படத்திலேயே ஹோப் மோட்டார்ஸுக்குள் இருந்துகொண்டு உண்மையைத் தோண்டும் ஊழியர்களும் வருகிறார்கள். அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறைத்தவர்களும் வெளியே கொண்டுவந்தவர்களும் ஒரே சீருடைதான் அணிந்திருந்தார்கள்.

கோவைப் பட்டறை

நியாயமான பேச்சு, தம்பி. விட்டது என் பிழை.

திரைச்சீலை

நெடுஞ்சாலை அவர்களின் முதல் கேள்விக்கே திரும்புகிறேன். ஜப்பானிய நாயகன், ஜப்பானிய இயக்குநர், ஜப்பானில் அப்போது விற்பனையில் இருந்த புத்தம் புதிய கார்; மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரும் வெற்றிப்படமும் உண்டு. யமாடா யோஜி 1977இல் எடுத்த ‘மகிழ்ச்சியின் மஞ்சள் கைக்குட்டை’. ஜப்பான் அகாதெமி விருது தொடங்கிய முதல் ஆண்டில் சிறந்த படமாகத் தேர்வானது அதுதான்.

காதலி கைவிட்ட வேதனையில் கின்யா என்ற இளைஞன் ஆலை வேலையை விட்டு, கிடைத்த பணிக்கொடையில் சிவப்பு மாஸ்டா ஃபமிலியா வாங்கிக்கொண்டு கப்பலேறி ஹொக்காய்டோவுக்குப் போகிறான். வழியில் அகெமி என்ற பெண்ணையும், அபாஷிரி சிறையிலிருந்து அன்று விடுதலையான யூசாகுவையும் ஏற்றிக்கொள்கிறான். யூசாகுவாக நடித்தவர் தகாகுரா கென். குற்றக்கும்பல் படங்களில் வாளெடுத்த அந்த மனிதர், இந்தச் சின்னக் காரின் பின்னிருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பதே ஒரு காட்சி. ஒரு தகராறுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தன் கையில் எடுக்கிறார். சற்று தூரத்தில் காவலர் சோதனை. உரிமம் கேட்கிறார்கள். அது காலாவதியாகிவிட்டது. ஏன் புதுப்பிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை சொல்லும்போதுதான், அவர் சிறையிலிருந்து வந்தவர் என்பது மற்ற இருவருக்கும் தெரிகிறது. ஓட்டுநர் உரிமத்தின் தேதியை வைத்து ஒரு மனிதனின் முழுக் கடந்தகாலத்தையும் திறந்துவிடுகிறார் யமாடா. இதற்கு மெர்சிடிஸ் உதவியிருக்காது. ஆலைத் தொழிலாளி வாங்கக்கூடிய கார்தான் வேண்டியிருந்தது.

நெடுஞ்சாலை

ஒப்புக்கொள்கிறேன், இந்தப் படம் என் வாதத்தை உடைக்கிறது. ஆனால் ஒன்று: அந்தச் சிவப்பு ஃபமிலியா ஜப்பானில் பெரும் பித்தாகப் பரவி, அந்த ஆண்டின் சிறந்த கார் விருதை முதல் முறையாக வாங்கியது அல்லவா? அப்படியானால் படம் மாஸ்டாவுக்கு நல்ல விளம்பரமாகத்தானே அமைந்தது?

கோவைப் பட்டறை

இரண்டு தலைமுறைகளைக் குழப்பிவிட்டீர்கள், தம்பி. படத்தில் வருவது 1977இல் வந்த நான்காம் தலைமுறை, பின்சக்கர இழுவை. ஜப்பானின் முதல் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருதை வாங்கி, சிவப்பு நிறத்தில் இளைஞர்களைப் பித்தாக்கியது 1980இல் வந்த ஐந்தாம் தலைமுறை, முன்சக்கர இழுவை. இரண்டும் சிவப்பு, இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் வரும் மயக்கம். ஆனாலும் முந்தையதைக் குறைத்து எண்ணாதீர்கள். எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் குடிக்கும் ரோட்டரி எஞ்சினால் அடிவாங்கி, ஆலைத் தொழிலாளர்களையே விற்பனை நிலையங்களுக்கு அனுப்பிக் கார் விற்க வைத்த நிலையில் மாஸ்டா இருந்தது. அதைத் தூக்கி நிறுத்திய வண்டிகளில் அந்தச் சாதாரண ஃபமிலியாவும் ஒன்று. திரையில் தெரிவது வேலையை விட்ட ஆலைத் தொழிலாளி ஒருவனின் கார். அதைச் செய்த ஆலையில் அன்று பலர் தங்கள் வேலை நிலைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாகோயாவாசி

பட்டறை ஐயா எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான் அந்தக் காரை நேரில் பார்த்திருக்கிறேன்.

கதை முடியும் இடம் யூபாரி. 1960இல் ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த நிலக்கரி ஊர் அது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 2007இல் நகராட்சியே நொடித்துப்போய், இப்போது பத்தாயிரத்துக்கும் குறைவானவர்களே இருக்கிறார்கள். கடைசிக் காட்சி எடுக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளை அப்படியே வைத்து நினைவிடம் ஆக்கியிருக்கிறார்கள். வெளியே கம்பத்தில் மஞ்சள் கைக்குட்டைகள் வரிசையாகப் படபடக்கின்றன. உள்ளே சுவர், கூரை என்று ஓர் இடம் விடாமல், வந்தவர்கள் எழுதி ஒட்டிய மஞ்சள் தாள்கள். அவற்றின் நடுவே அந்தச் சிவப்பு ஃபமிலியா நிற்கிறது. நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. தகாகுரா அதற்குள் எப்படித்தான் அடங்கினாரோ.

யூபாரிக்குப் போன ரயில் கிளைப்பாதையை 2019 மார்ச்சோடு மூடிவிட்டார்கள். ஆகவே விமான நிலையத்தில் ஒரு சின்ன காரை வாடகைக்கு எடுத்துத்தான் போனேன். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதுதான் கவனித்தேன். அதன் முன்பக்கத்திலும் மாஸ்டா முத்திரை. கேட்டு வாங்கவில்லை, கடைக்காரர் கொடுத்ததை எடுத்து வந்திருந்தேன். நிறம் மட்டும் வெள்ளை.